பின்னாடி வெயிட்டை மாட்டுங்க சாமி, அப்புறம் பக்கெட்டைப் பத்திப் பேசலாம்!

டிஸ்கி: ஏரியில படகு, லேடீஸ் சீட்டுல சூரிய அஸ்தமனம், காபிப்பூ வாசம் வகையறா ஏற்காடு பதிவு இல்ல இது. டிராக்டர் பதிவு. அதுவும் கொஞ்சம் சூடான பதிவு. சண்டை புடிக்க விருப்பம் உள்ளவங்க தாராளமா உள்ள வரலாம் :-)

மார்ச் மாசக் கடைசியில ஒரு நல்ல மழை. காபி வெச்சிருக்கறவனுக்கு அந்த மழை மேல ஒரு பித்து உண்டு. அது பெஞ்சாத்தான் செடி ஒழுங்கா பூக்கும். நானும் அந்த சந்தோஷத்துல, களத்தோரம் குவிச்சு வெச்சிருந்த எருவைக் கீழ்த் தோட்டத்துக்கு இறக்கிடலாம்னு வண்டியை எடுக்கச் சொன்னேன். வண்டின்னா 24 ஹெச்.பி. சின்ன டிராக்டர், நாலு சக்கர இழுவை, செகண்ட் ஹேண்டு. முன்னாடி ஒரு லோடர், பட்டறையில அடிச்சு மாட்டினது. ஓட்டற தம்பிக்கு இருபத்திரெண்டு வயசு. போன வருஷம்தான் கல்யாணம் ஆச்சு.

எரு ரெண்டு நாள் மழையில ஊறிப் போயிருந்துச்சு. தம்பி பக்கெட்டைக் கோபுரமா ரொப்பினான். நாகலூர் பக்கத்துத் தோட்டப் பாதைங்களைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். அஞ்சடி நடந்தா ஒரு அடி இறங்கற சரிவு. ஒரு பக்கம் கல் கட்டு, இன்னொரு பக்கம் சில்வர் ஓக் மரமும் அதுக்குக் கீழ மூணு மட்டம் காபியும். பாதி தூரம் போயிருப்பான், ஒரு சின்னக் கல்லுல ஏறி இறங்கினப்ப வண்டியோட பின் சக்கரம் ரெண்டும் லேசா தரையை விட்டு எழும்புச்சு. தம்பி பிரேக்கை மிதிச்சான். சக்கரம் நின்னுடுச்சு, வண்டி நிக்கல! அப்படியே சறுக்கிக்கிட்டே போகுது. நான் மேல நின்னு கத்தறேன், என்ன கத்தினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. நல்ல வேளை, அவனுக்கு புத்தி வேலை செஞ்சுச்சு. லீவரைத் தள்ளி பக்கெட்டைத் தரையில போட்டுட்டான். அது மண்ணைக் கீறிக்கிட்டு ஒரு பத்தடி போய் நின்னுச்சு.

இறங்கி வந்தவன் முதல்ல கேட்டது: "சார், டயர்லதான் தண்ணி இருக்கே சார்?"

நியாயமான கேள்வி. ஏன்னா வண்டியை வித்தவர், லோடர் அடிச்சவர், பக்கத்துத் தோட்டத்துக்காரர், எல்லாருமே எங்ககிட்ட சொன்னது அதைத்தான். "பின் டயர்ல தண்ணி ரொப்பியாச்சுங்க, முன்னாடி பம்பர் வெயிட்டும் இருக்கு, நாலு சக்கரமும் இழுக்கும், கவலையே படாதீங்க." இந்த ஒரு வாக்கியத்துல இருக்கற மூணு சமாதானமும் தப்பு. ஒண்ணு அரைத் தப்பு, ஒண்ணு முழுத் தப்பு, இன்னொண்ணு ஆளைக் கொல்ற தப்பு. நானும் நம்பித்தான் ரெண்டு வருஷம் ஓட்ட விட்டேன்ங்கறதால, என்னையும் சேர்த்துத்தான் திட்டப் போறேன்.

ஏத்தம் பார்த்திருக்கீங்களா? இப்ப இருக்கற பசங்க சினிமாலதான் பார்த்திருப்பாங்க. கிணத்துப் பக்கம் சால் தொங்கும், துலாவோட மறுபக்கம் ஆளு நடப்பான், இல்லாட்டி கல்லைக் கட்டித் தொங்க விட்டிருப்பாங்க. அந்தக் கல்லை அவுத்துட்டு தண்ணி இறைக்க எந்த விவசாயியாவது ஒத்துக்குவானா? காவடி தூக்கறவன் ஒரு பக்கம் மட்டும் பானையைக் கட்டிக்குவானா? இதெல்லாம் நம்ம தாத்தனுக்குப் படிக்காமலே தெரிஞ்ச விஷயம். ஆனா அதே துலாவை இரும்புல செஞ்சு, ஹைட்ராலிக் பம்ப் வெச்சு, மஞ்சள் பெயிண்ட் அடிச்சுக் குடுத்தா நமக்கு மறுபக்கத்துக் கல்லு மறந்து போயிடுது.

மஞ்சள் பெயிண்ட்னதும் ஞாபகம் வருது. சின்ன டிராக்டர்ல லோடர் மாட்டின ஒவ்வொருத்தரும் மனசுக்குள்ள அதை "மினி ஜேசிபி"ன்னுதான் நெனச்சுக்கறாங்க. அய்யா, ஜேசிபியைப் பின்னாடி போய்ப் பாருங்க. தோண்டற கை ஒண்ணு மடிச்சு வெச்சிருக்கும். அது தோண்டறதுக்கு மட்டும் இல்லீங்க, முன்னாடி பக்கெட்டுக்கு அதுதான் மறுபக்கத்துக் கல்லு. நம்ம வண்டிக்குப் பின்னாடி என்ன இருக்கு? காத்து.

இப்ப கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, எட்டாம் வகுப்பு நெம்புகோல்தான். தோராயமா வெச்சுக்குவோம்: வண்டி 700 கிலோ, அதுல முன்னச்சுல 280, பின்னச்சுல 420. ரெண்டு அச்சுக்கும் நடுவுல ஒன்றரை மீட்டர். லோடர் சட்டமும் பக்கெட்டும் 250 கிலோ, அதோட எடை முன்னச்சுக்கு அரை மீட்டர் முன்னாடி விழுது. பக்கெட்ல ஈர எரு இன்னொரு 250 கிலோ, அது முன்னச்சுக்கு 1.2 மீட்டர் முன்னாடி.

முன்னச்சுதான் இங்க நெம்புகோலோட தாங்கு கட்டை. லோடர் சட்டம் மாட்டினதுமே பின்னச்சுலேர்ந்து 83 கிலோ போச்சு. எரு ரொப்பினதும் இன்னொரு 200 கிலோ போச்சு. 420ல மிச்சம் 137. முன்னச்சுல 1063 கிலோ உக்காந்திருக்கு! இது சமதரையில. அஞ்சுக்கு ஒண்ணு சரிவுல இறங்கினா, வண்டியும் சுமையும் சேர்ந்த எடை மையம் 70 சென்டிமீட்டர் உசரத்துல இருக்கறதா வெச்சா, இன்னும் 110 கிலோ பின்னாலேர்ந்து முன்னாடி போயிடும். பின் சக்கரத்துல கடைசியா நிக்கறது சுமார் 25 கிலோ. ஒரு அரிசி சிப்பம். ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து!

இதுல கொடுமை என்னன்னா, இந்த மாதிரி டிராக்டர்ல பிரேக் இருக்கறது பின் சக்கரத்துல மட்டும்தான். அரிசி சிப்பம் அளவு எடை அழுத்தற டயர் தரையை என்னத்தைப் புடிக்கும்? தம்பி மிதிச்சது சரியான பெடல்தான், ஆனா அந்தப் பெடலோட மறுமுனையில ஒண்ணுமே இல்ல.

சரி, அந்த மூணு சமாதானத்துக்கு வருவோம்.

டயர்ல தண்ணி. இது அரைத் தப்பு. தண்ணி ரொப்பறது கெட்டது இல்ல. வால்வை மேல வெச்சு, வால்வு மட்டம் வரைக்கும், அதாவது முக்கால் பாகம் ரொப்பினா பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் கனம் வரும், எடை கீழயே இருக்கறதால வண்டி சாயவும் யோசிக்கும். நம்ம ஏற்காட்டுல என்ன குளிர் அடிச்சாலும் டயருக்குள்ள தண்ணி உறையாது, வெறும் தண்ணியே போதும். யூடியூப்ல அமெரிக்காக்காரன் பீட்ரூட் சாறு ஊத்தறான், கால்சியம் குளோரைடு ஊத்தறான்னு பார்த்துட்டு ஒருத்தர் என்கிட்ட உப்பு கரைச்சு ஊத்தலாமான்னு கேட்டார். வேணாம் சாமி, ரிம் துருப்புடிச்சுப் போயிடும். அவங்க ஊர்ல பனி உறையுது, அதுக்குப் பண்றாங்க. ஆனா இந்த சைஸ் டயர்ல ரெண்டுக்கும் சேர்த்து நூறு, நூத்தைம்பது லிட்டர் போனா பெருசு. முக்கியமான விஷயம், தண்ணி நிக்கறது பின்னச்சு மேலயேதான், அச்சுக்குப் பின்னாடி இல்ல. அதனால முன்னச்சோட பாரம் ஒரு கிலோ கூடக் குறையாது. அந்த 1063 அப்படியே இருக்கும். எனக்கு அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை முன்னச்சு ஆயில் சீல் போயிருந்துச்சு. சீல் கம்பெனிக்காரனைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன் :-(

முன் பம்பர் வெயிட். இது முழுத் தப்பு. அந்த வெயிட்டைக் கம்பெனி குடுக்கறது, பின்னாடி கலப்பை, ரொட்டவேட்டர் தூக்கும்போது முன்பக்கம் எழும்பாம இருக்க. முன்னாடி லோடர் மாட்டினதும் அது எதிரி. ஏற்கனவே மூக்குல நிக்கற வண்டிக்கு மூக்குத்தி குத்தி விடற மாதிரி. லோடர் மாட்டற அன்னிக்கே கழட்டி ஷெட்டுல வைங்க. "வெயிட் இருந்தா நல்லதுதானுங்களே"ன்னு சொல்ற மெக்கானிக்கிட்ட, எந்தப் பக்கம்னு மட்டும் கேளுங்க.

மூணாவது, நாலு சக்கர இழுவை. ஆளைக் கொல்ற தப்பு இதுதான், ஏன்னா இதுல பாதி உண்மை இருக்கு. லீவரைப் போட்டிருந்தா முன் சக்கரமும் கியரோட சேர்ந்திருக்கும், அதனால இறக்கத்துல எஞ்சின் புடிப்பும் பிரேக் புடிப்பும் முன் சக்கரத்துக்கும் போகும். அன்னிக்கு அது உதவியிருக்கும். ஆனா டயர் தேயுதுன்னு நான்தான் தேவைப்பட்டா மட்டும் போடச் சொல்லியிருந்தேன். அப்படியே போட்டிருந்தாலும், பின்பக்கம் எழும்பறதை அது நிறுத்தாது. இழுவைங்கறது வேற, சமநிலைங்கறது வேற. ஏத்தத்துல அது குடுக்கற தைரியத்துலதான் இறக்கத்துல மாட்டிக்கறோம்.

இப்ப மறுபக்கத்துக் கல்லைத் தொங்க விடுவோம். பின்னாடி இருக்கற மூணு புள்ளி இணைப்புல, பின்னச்சுக்கு 80 சென்டிமீட்டர் பின்னாடி விழற மாதிரி 250 கிலோ. பின்னச்சுல 137 இருந்தது 520 ஆகுது. தொங்க விட்டது 250, கூடினது 383! மிச்சம் 133 எங்கேர்ந்து வந்துச்சு? முன்னச்சுலேர்ந்து. 1063 இருந்தது 930 ஆயிடுச்சு. அதே சரிவுல இறங்கினா பின் சக்கரத்துல 370 கிலோவுக்கு மேல நிக்கும். அரிசி சிப்பம் எங்க, இது எங்க. இதே 250 கிலோவைத் தண்ணியா டயர்ல ஊத்தினா (முடியாது, ஒரு பேச்சுக்கு) சமதரையில 387தான்.

இன்னொரு கணக்கு இருக்கு, இதை யாரும் சொல்றதே இல்ல. வண்டி நாலு சக்கரத்துல நிக்குதுன்னு நாம நெனச்சுக்கறோம். நிக்கல. முன்னச்சு நடுவுல ஒரு முளையில ஆடற மாதிரிதான் மாட்டியிருக்கும், மேடு பள்ளத்துல சக்கரம் ஏறி இறங்க. அதனால பக்கவாட்டுல சாயறப்ப, அந்த ஆட்டம் முட்டற வரைக்கும், வண்டி ஒரு முக்கோணத்துல நிக்குது. பின் சக்கரம் ரெண்டு மூலை, முன் முளை ஒரு மூலை. எடை எவ்வளவு முன்னாடி போகுதோ அவ்வளவு குறுகலான இடத்துல நிக்குது. பின் சக்கர அகலம் 90 சென்டிமீட்டர்னு வெச்சு நான் தரையில சாக்பீஸ்ல வரைஞ்சு பார்த்தேன். எதிர்பாரம் இல்லாம, ரொப்பின பக்கெட்டோட, எடை மையத்துலேர்ந்து முக்கோணத்து ஓரம் வெறும் 5 சென்டிமீட்டர். பாரம் மாட்டினா 16. பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு காபி மட்டத்துல குறுக்கால போற மகராசன் அந்த அஞ்சு சென்டிமீட்டர்லதான் போய்க்கிட்டு இருக்கான். நம்ம விரல் நீளம்!

இந்த மூணு புள்ளி இணைப்புக்கு ஒரு கதை உண்டு. ஹாரி ஃபெர்குசன்னு ஒரு அயர்லாந்துக்காரர் 1926ல காப்புரிமை வாங்கினது. அந்தக் காலத்து டிராக்டர்ல கலப்பை கல்லுல மாட்டினா வண்டி முன்பக்கம் தூக்கிப் பின்னாடி கவுந்து ஓட்டறவனை நசுக்கும். அதைத் தடுக்கவும்தான் அவர் மண்டையை உடைச்சுக்கிட்டார். 1960ல சென்னையில ஆரம்பிச்ச டாஃபே பண்ணுதே மாஸி ஃபெர்குசன், அதுல இருக்கற ஃபெர்குசன் இவர்தான். நூறு வருஷமா பின்னாடி மூணு கை நீட்டிக்கிட்டு "ஏதாவது மாட்டுடா"ன்னு வண்டி கேட்டுக்கிட்டே இருக்கு. நாம அதுல தண்ணிக் கேனைத் தொங்க விட்டுக்கிட்டு இருக்கோம்.

சரி, பாரம் எப்படிச் செய்யறது? காசு இருக்கறவங்க வார்ப்பிரும்பு வெயிட் வாங்கலாம். நான் செஞ்சது கான்கிரீட். 200 லிட்டர் பீப்பாயைக் குறுக்கால பாதியா அறுத்து, உள்ள கம்பி கட்டி, கான்கிரீட் ரொப்பினா 240 கிலோ வரும். சிமெண்ட் முக்கால் மூட்டைதான் புடிச்சுது. நடுநடுவுல நம்ம சேர்வராயன் மலைக் கருங்கல்லைப் போட்டேன். சார்னோகைட்னு சொல்லுவாங்க, சும்மா கிடக்கற கல்லு, கான்கிரீட்டை விடக் கனம். ரொப்பறதுக்கு முன்னாடியே பின் வைக்கற இடத்தைப் பட்டறையில வெல்டிங் வெச்சு வாங்கிடணும். இந்த சைஸ் வண்டியில கீழ்க் கை பின் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர், மேல் கை 19. கீழ்க் கை ரெண்டுக்கும் நடுவுல வழக்கமா 68 சென்டிமீட்டர், ஆனா சில குட்டி வண்டிக்கு அதை விடக் குறுகல். அளந்துட்டுப் போங்க, நெனப்புல சொல்லாதீங்க. அடியில ரெண்டு கால் வெச்சுக்கணும், கழட்டினா நிக்கணுமே. மாட்டினதும் பக்கச் சங்கிலியை இறுக்கிடணும். இல்லாட்டி கொண்டை ஊசியில அது ஊஞ்சலாடி வண்டியையும் இழுக்கும்.

எவ்வளவு பாரம்னு கேட்டா, லோடரோட வந்த புத்தகத்துல போட்டிருக்கற அளவு. பட்டறை லோடருக்குப் புத்தகம் ஏது? அதனால என் வழி: வண்டி சேலத்துல இருக்கும்போதே, இருபது கொண்டை ஊசி ஏத்தறதுக்கு முன்னாடியே, எடை மேடைக்குக் கொண்டு போங்க. பக்கெட்டை நீங்க தூக்கப் போற அதிகபட்ச சுமையில ரொப்பி, பின் சக்கரத்தை மட்டும் மேடையில ஏத்தி எடை போடுங்க. மொத்தத்துல நாலுல ஒரு பங்கு கூடப் பின்னாடி இல்லேன்னா பாரம் பத்தாது. அது சமதரைக்குச் சொன்னது, மலைக்குக் கூடவே வேணும். ஆனா உங்க வண்டி பின்னாடி தூக்கற திறனையும் பாருங்க. இந்த சைஸ்ல 500லேர்ந்து 750 கிலோ வரைக்கும் போட்டிருப்பாங்க, அது கையோட நுனியில. அதுக்கும் பின்னாடி தள்ளித் தொங்கினா அவ்வளவு தூக்காது.

இங்க ஒரு கோஷ்டி வரும். "எதுக்குங்க செத்த எடை? பின்னாடி ரொட்டவேட்டரை மாட்டினா அதே எடைதானே, வேலையும் ஆகுமே?" ரொட்டவேட்டருக்கு மானியம் கிடைக்குது, கான்கிரீட் பீப்பாய்க்கு யாரும் மானியம் தரப் போறதில்ல, அதனாலதான் எல்லார் ஷெட்டுலயும் ஒரு ரொட்டவேட்டர் நிக்குது. சமவெளி மஞ்சள் காட்டுக்கு அது சரி. ஏற்காட்டுக் காபித் தோட்டத்துல அதை எங்க ஓட்டுவீங்க? அரபிகா செடியோட உணவு உறிஞ்சற வேர் பெரும்பாலும் மேல் ஒரு அடி மண்ணுலயே பரவிக் கிடக்கு. அதை அறுத்துப் போட்டு, சரிவுல மண்ணையும் பொலபொலன்னு ஆக்கி வெச்சா, அடுத்த மழைக்கு உங்க மேல் மண்ணு கீழ்த் தோட்டத்துக்காரருக்கு இனாம். வரிசைக்கு நடுவுல குழி வெட்டி தண்ணியை நிறுத்தறதுதான் இந்த மலையில பெரியவங்க பண்ணினது. ஓட்ட முடியாத ரொட்டவேட்டரை வெறும் பாரமா தூக்கிக்கிட்டுத் திரியறதுக்கு அது ரொம்ப நீளம், வளைவுல கல் கட்டை இடிக்கும். நான் இடிச்சிருக்கேன்.

மருந்து அடிக்கற டேங்க்கைப் பாரமா நம்பறவங்களும் உண்டு. இலைத்துருவுக்கு போர்டோ கலவை அடிக்க 200 லிட்டர் டேங்க் மாட்டறது நல்ல வேலைதான், ஆனா அடிக்க அடிக்க அது காலியாகுமில்ல? காலை எட்டு மணிக்கு இருந்த எதிர்பாரம் பதினோரு மணிக்கு இருக்காது. அந்த நேரத்துல "அப்படியே ரெண்டு பக்கெட் ஜல்லி தள்ளிடு"ன்னு யாராவது சொல்லுவாங்க.

பின்னாடி மாட்ட உருப்படியானது எதுன்னு கேட்டா, என் ஓட்டு சாதாரண பிளேடுக்குத்தான். மழைக்கப்புறம் பாதையை இழுத்து விட, ஓரத்து வாய்க்கால்ல மண்ணு எடுக்க. அது தனியா பாரத்துக்குப் பத்தாது, சட்டத்து மேல வெயிட் கட்டற மாதிரி அடிச்சு வாங்கணும். குழி தோண்டற ஆகர் வருஷத்துல நாலு நாளைக்கு, அதை வாடகைக்கு எடுத்துக்கலாம்.

முன்னாடி பக்கெட்டுக்கு வருவோம். பட்டறைக்காரர் எனக்கு ஒரு உபகாரம் பண்ணினார்: "சார், உங்களுக்காகப் பெரிய பக்கெட்டா போட்டிருக்கேன்." கால் கன மீட்டர். காஞ்ச தொழு உரம் ரொப்பினா 130, 140 கிலோ, அருமை. அதே பக்கெட்ல ஈர எரு 225க்கு மேல. ஜல்லி ரொப்பினா 400 கிட்ட. மழையில நனைஞ்ச சரிவு மண்ணு இன்னும் மேல! பக்கெட் ஒண்ணுதான், உள்ள என்ன போடறோம்ங்கறதுல வண்டி கவுறதும் கவுறாததும் இருக்கு. ஓட்டறவன் கண்ணுக்கு நிறைஞ்ச பக்கெட் நிறைஞ்ச பக்கெட்தான், அவன் தராசு வெச்சுக்கிட்டா உக்காந்திருக்கான்? அதனால சின்ன பக்கெட் வாங்குங்க. பெருசா வாங்கித் தொலைச்சிருந்தா, ஜல்லிக்கு, ஈர மண்ணுக்கு எந்த மட்டம் வரைக்கும்னு உள்பக்கம் சிவப்பு பெயிண்ட்ல கோடு போட்டுடுங்க. நான் போட்டிருக்கேன். மூட்டை தூக்கற ஃபோர்க் இன்னும் மோசம், சுமை இன்னும் முன்னாடி தள்ளிப் போகும். களத்துல, சிமெண்ட் தரையில மட்டும் பயன்படுத்துங்க.

ரிசார்ட் நடத்தறவங்களுக்கும் ஒரு வார்த்தை. உக்காந்து ஓட்டற புல்வெட்டி வண்டிக்கு லோடர் அடிச்சு மாட்டற ஆசை இப்ப சில பேருக்கு வந்திருக்கு. நான் ஒண்ணைக் கண்ணால பார்த்தேன், எந்த இடம்னு சொல்ல மாட்டேன். அந்த வண்டிக்குப் பின்னாடி மூணு புள்ளி இணைப்பே கிடையாது. பாரம் எங்க தொங்கும்? சக்கர வெயிட்டும், பின்னாடி ஒரு பிராக்கெட் அடிச்சு அதுல கொஞ்சம் இரும்பும்தான். அதுக்கு முன்னாடி அந்த முன்னச்சைப் பாருங்க, புல்வெட்டற ஆளோட எடைக்குச் செஞ்சது, சுண்டு விரல் கனத்துல. சமதரையில சருகு அள்ளறதோட நிறுத்திக்குங்க. மண்ணு, கல்லுக்கு ஆளை வையுங்க, இல்ல நிஜமான டிராக்டரை வாடகைக்கு எடுங்க.

எதிர்க்கட்சி வாதம் ஒண்ணுல மட்டும் எனக்கு மரியாதை உண்டு: எடை கூடினா மண்ணு இறுகும். உண்மை. அதனாலதான் கழட்டி மாட்டற பாரம் வேணும்ங்கறேன். லோடர் வேலைன்னா மாட்டு, தோட்டத்துக்குள்ள போறப்ப கழட்டு. டயர்ல ஊத்தின தண்ணியை அப்படிக் கழட்ட முடியாது, அது வருஷம் முழுக்க உங்க செடி வேர் மேலதான் நடக்கும். இன்னொரு வாதம், "நாங்க பத்து வருஷமா வெயிட் இல்லாமதான் ஓட்டறோம், ஒண்ணும் ஆகல." நானும் ரெண்டு வருஷமா அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். மார்ச் மாசம் வரைக்கும்.

பாரம் மாட்டிட்டோம்னு ராஜா மாதிரி இறங்கறதுக்கும் இல்ல. இடது வலது பிரேக் பெடலைக் கொக்கி போட்டுச் சேர்த்து வையுங்க, தனித்தனியா மிதிச்சா சரிவுல வண்டி திரும்பிடும். நாலு சக்கர லீவரைப் போட்டு, சின்ன கியர்ல இறங்க ஆரம்பிக்கணும், நடுவுல கியர் மாத்தற வேலையே ஆகாது. பக்கெட் தரைக்கு ஒரு அடி மேல. ரொம்பச் செங்குத்தான இடம்னா ரிவர்ஸ்ல இறங்கணும், கனமான பக்கம் மேட்டைப் பார்த்து இருக்கணும். தோட்டப் பாதையில அவ்வளவு தூரம் ரிவர்ஸ் போக முடியாதுன்னா அரை பக்கெட்தான். ரெண்டு நடை போனா டீசல் செலவு, அவ்வளவுதானே.

தலைக்குப் பின்னாடி இருக்கற ரோல் பாரை மரக்கிளை இடிக்குதுன்னு மடக்கி வெச்சே ஓட்டறவங்க, அதைக் கழட்டி வித்தவங்க கூட இந்த மலையில இருக்காங்க. ஸ்வீடன்ல 1959லயே புது டிராக்டருக்கெல்லாம் அதைக் கட்டாயமாக்கினாங்க. வண்டி கவுந்து சாகறது அங்க அப்புறம் ஏறக்குறைய இல்லாமயே போச்சு. நிமிர்த்தி வெச்சா பெல்ட் போடணும், மடக்கியிருந்தா பெல்ட் போடக் கூடாது. கிளையை வெட்டுங்கய்யா, அது மறுபடி துளிர்க்கும்.

என்னைக் கேட்டா, ஏற்காட்டுல பாதித் தோட்டத்துக்கு லோடரே தேவையில்ல. தோளுல மாட்டற களைவெட்டி, ஒரு சின்ன டிரெய்லர், நாலு ஆளு போதும். ஆளு கிடைக்கலேங்கறதுதான் எல்லாரோட பிரச்சினை, எனக்கும் அதான். அதுக்காக கிடைக்கற ஒரு ஆளையும் அஞ்சு சென்டிமீட்டர்ல உக்கார வைக்க எனக்கு மனசு வரல.

பீப்பாய் மாட்டி இப்ப ஒண்ணரை மாசம் ஆச்சு. தம்பி அதுக்கு "மாமியார்"னு பேர் வெச்சிருக்கான். எங்க போனாலும் பின்னாடியே வருதாம் :-) போன வாரம் அதே பாதையில, அதே எருவை, அரை பக்கெட்டா பதினாலு நடை இறக்கினான். நான் மேல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

பீப்பாய்ல பின் வெல்டிங் வைக்கற அளவு வேணும்ங்கறவங்க கேளுங்க, சார்ட் பேப்பர்ல வரைஞ்சு வெச்சிருக்கேன். வண்டி என்ன மாடல், கீழ்க் கை ரெண்டுக்கும் நடுவுல எத்தனை சென்டிமீட்டர்னு அளந்துட்டு எழுதுங்க.